மூன்றாம் எண் நேர்காணலாளர்

துறையில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர். மரத்தைத் தேய்த்து இழைக்கிற அந்தச் சொரசொரப்புத் தாள்தான். யார் வைத்தார்கள் என்று தெரியாது. தேய்பட்டவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மனிதர்கள் கடவுளைப் பற்றி எப்படி நினைக்கிறார்கள், அந்த நினைப்பு அவர்களை என்ன செய்கிறது என்று ஆராயும் பிரிவில் அவள் புள்ளிவிவரம் பார்ப்பவள். கருத்தரங்கில் எவராவது ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, "இதிலிருந்து தெரிய வருவது என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் போதும், பின்வரிசையிலிருந்து அவள் குரல் எழும்பும். எத்தனை பேரைக் கேட்டீர்கள், அவர்கள் யார், கணக்கிலிருந்து யாரையெல்லாம் விட்டீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு இறங்கிப் போனவரை அவள் பார்த்ததில்லை. பார்க்காததில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

பிரிவின் தலைவருக்கு அவள் வைத்திருந்த பெயர் மைக். கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்குவதற்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால். மைக்கின் புகழ் முழுவதும் ஒரே ஒரு சோதனையின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒருவரைத் தனியறையில் உட்கார வைத்து, கோப்பைக்குள் ஒரு பகடையைக் குலுக்கச் சொல்வார்கள். என்ன எண் விழுந்தது என்று அவரே வெளியே வந்து சொல்ல வேண்டும். எண் பெரியதாக இருந்தால் பரிசும் பெரியது. உள்ளே யாரும் பார்ப்பதில்லை. தனியொருவர் பொய் சொன்னாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் பல பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு அளவுக்கு மீறி விழுந்திருந்தால் அது பகடையின் வேலை இல்லை, வாயின் வேலை. பகடை போடுவதற்கு முன்னால் பாதிப் பேருக்குக் கடவுளைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார் மைக். மீதிப் பேருக்கு மேசை நாற்காலி பற்றிய ஒரு பத்தி. கடவுளைப் படித்தவர்கள் குறைவாகப் பொய் சொன்னார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

அதைச் சொன்ன கட்டுரை நாலு பக்கம். அதை வைத்து அவர் எழுதிய புத்தகம் தலையணை அளவு. அட்டையில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒளி இறங்கும். அலுவலகங்களில் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே 'அவர் பார்க்கிறார்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் விண்ணப்பப் படிவத்தின் தலையில் ஒரு பக்தி வாசகத்தை அச்சடித்தன. மைக் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

உப்புத்தாள் அந்த நாலு பக்கத்தைப் பலமுறை படித்திருந்தாள். பகடை போட்டவர்கள் அத்தனை பேரும் அவருடைய சொந்த வகுப்பு மாணவர்கள். அவர் கையால் மதிப்பெண் வாங்க வேண்டியவர்கள். அதிலும் சிலரை 'ஈடுபாடு இல்லாதவர்கள்' என்று கழித்திருந்தார். யாருக்கு ஈடுபாடு இல்லை என்பதை எப்போது முடிவு செய்தார்? எண்களைப் பார்த்த பிறகு. இதை அவரிடமே ஒருமுறை கேட்டாள்.

"அனுபவம்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார். "ஒருத்தன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

"அப்ப பகடை எதுக்கு சார்? மூஞ்சியவே எழுதிக்கலாமே."

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவளுடைய பதவி உயர்வுக் கோப்பு எங்கேயோ நன்றாகத் தூங்கியது.

மைக்கை அவள் இளக்காரமாகப் பார்த்தாள் என்றால், தன் அண்ணனை அதைவிடக் கீழே வைத்திருந்தாள். அண்ணன் முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தான். வாயால் எதையும் விற்கத் தெரிந்தவன். ஒருநாள் திடீரென்று கருவியை விட்டுவிட்டுக் கடவுளைக் கையில் எடுத்தான். டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்துப் பிரார்த்தனை நடத்தினான். அங்கேயும் மைக்கின் கண்டுபிடிப்பு வந்து சேர்ந்திருந்தது. "நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது" என்று அண்ணன் மேடையில் கையைத் தூக்குவான். கூட்டம் ஆமோதிக்கும். விஞ்ஞானம் கடவுளைக் காட்டிப் புத்தகம் விற்கிறது, கடவுள் விஞ்ஞானத்திடம் நற்சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறார், இரண்டுக்கும் நடுவில் என் அண்ணன் கமிஷன் வாங்குகிறான் என்று அவள் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதற்கும் சட்டென்று உணர்ச்சிவசப்படாதவள்.

"கமிஷன் எங்க வருது? வாடகைய நான்தானே கட்டறேன்," என்றாள் அண்ணி.

இப்படி இருக்கையில் வெளிநாட்டில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் மைக்கின் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தன. ஒன்றும் வரவில்லை. கடவுளைப் படித்தவனும் நாற்காலியைப் படித்தவனும் ஒரே மாதிரி புளுகினார்கள். நிதி கொடுக்கிற வாரியத்துக்கு மூக்கில் வேர்த்தது. சோதனையைப் பெரிய அளவில், ஒழுங்காக, மறுபடி செய்து காட்டுங்கள் என்று எழுதினார்கள். மைக் அவளைக் கூப்பிட்டார்.

"நீயே செய்ம்மா. உன் கையால வந்துச்சுன்னா எவனும் வாயத் திறக்க மாட்டான்."

அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். தன் புளுகைத் தானே நம்பிவிட்ட மனிதரிடம் பகடையைக் கொடுத்து என்ன பிரயோசனம்?

அவள் வேலையை இழைத்து இழைத்துத் திட்டமிட்டாள். மாணவர்கள் வேண்டாம், பேருந்து பணிமனை, ஆஸ்பத்திரி, வக்கீல் அலுவலகம், பிரார்த்தனைக் கூடம் என்று பலதரப்பட்ட இடங்களுக்குப் போவது. பகடைக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் அவர்களுடைய நம்பிக்கை பற்றிச் சற்று நேரம் பேசுவது. பிறகு எந்தப் பத்தி யாருக்குப் போகிறது என்பது பேசுகிற ஆளுக்கே தெரியக்கூடாது. யாரைக் கணக்கில் எடுப்பது, யாரைக் கழிப்பது என்பதையெல்லாம் முதல் ஆளைக் கேட்பதற்கு முன்பே எழுதி, எல்லோரும் பார்க்கிற பொதுத் தளத்தில் தேதியோடு போட்டுப் பூட்டிவிடுவது. பிற்பாடு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

அந்த விதிகளில் ஒன்றை அவள் தனி ருசியோடு எழுதினாள். நேர்காணல் எடுக்கிறவரின் குரல், எதிரே இருப்பவர் சொல்லும் பதிலைப் பொறுத்து மாறுகிறதா என்று வெளியாள் ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டும். மாறினால் அந்த நபர் எடுத்த நேர்காணல்கள் மொத்தமும், பகடைக் கணக்கைத் திறப்பதற்கு முன்பே, குப்பைக்குப் போகும். இது மைக்கின் சீடர்களுக்காக வெட்டிய குழி. நேர்காணல் எடுக்கப் போகிறவர்களில் இருவர் அவருடைய செல்லப்பிள்ளைகள். பக்திமான் வாயைத் திறந்தாலே இவர்கள் குழைவார்கள், அந்தக் குழைவு பகடை வரைக்கும் போகும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அதோடு தன்னுடைய ஊகம் ஒன்றையும் பூட்டி வைத்தாள். பக்தி அதிகமுள்ளவர்கள் குறைவாக அல்ல, கூடுதலாகவே பொய் சொல்வார்கள். காரணம் என்ற இடத்தில் முந்தைய ஆய்வுகள் சிலவற்றைக் குறிப்பிட்டாள். அண்ணனைக் குறிப்பிட அங்கே இடமில்லை.

வேலை பாதியில் இருக்கும்போது நேர்காணல் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள். மீதி இருந்தது ஒரு வக்கீல் அலுவலகமும் அண்ணனின் பிரார்த்தனைக் கூடமும்தான். தெரிந்தவர்கள் இல்லாமல் கூடத்துக்குள் விடமாட்டார்கள். வேறு வழியில்லாமல் இரண்டு இடத்துக்கும் அவளே போனாள். கூடத்தில் அண்ணனையும் அண்ணியையும் விலக்கிவிட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராக மாடியறைக்குக் கூப்பிட்டுப் பேசினாள்.

டயர் ரப்பரின் வாடை தரை வழியாக மேலே ஏறி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நடுத்தர வயதுத் தையற்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்; விரல் நுனிகளெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

"கடவுள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறீர்களா?" என்று தாளில் உள்ளபடி கேட்டாள் உப்புத்தாள். "எப்போதும், அநேகமாக, சில நேரம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"எப்பவுமேவா? அவருக்கு வேற சோலி இல்லையாங்க?"

"இதுல ஒண்ணு சொல்லணும்."

"அபூர்வமான்னு போட்டுக்கோங்க. ஆனா நான் நம்பாதவன்னு எழுதிடாதீங்க. நூல் கோக்கும்போதுகூட அவர் பேரைச் சொல்லித்தான் கோப்பேன். கண்ணு சரியில்ல பாருங்க, கோத்துட்டா அவர்தான் கோத்த மாதிரி."

"சரி," என்றாள் உப்புத்தாள். அடுத்த கேள்விக்குப் போனாள்.

மைக்கின் அளவுகோல்படி இந்தப் பெண்மணி ஏறக்குறைய நாத்திகர். அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கேள்வியைக்கூட உருப்படியாகக் கேட்கத் தெரியாத மனிதர் ஒரு தலையணை எழுதியிருக்கிறார். அவளுடைய கோபம் கேள்வி மேல்தான்; எதிரே உட்கார்ந்திருந்தவள் மேல் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் அவள் நம்பினாள். வரிசையாக வந்தவர்கள் எல்லோரிடமும் தாளில் இருந்ததை இருந்தபடி கேட்டாள். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நேர்காணல்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு மொழியியல் துறையிலிருந்து ஒருவரைப் பிடித்திருந்தாள். குரலின் ஏற்ற இறக்கங்களை அளப்பதுதான் அவருடைய பிழைப்பு. அவரை அவள் ஒலியியல்காரர் என்று மட்டும் சொல்வாள். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அவரிடம் குறை எதுவும் அவளுக்கு அகப்படவில்லை. உலகத்தில் யாரையும் பிடிக்காத மனிதர். அந்த வகையில் அவளுக்கு அவரைப் பிடிக்கும். பேசியது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதற்காகக் குரல்களை எல்லாம் கணினியில் சற்று மாற்றி, பெயருக்குப் பதில் எண் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர் அலுவலகத்துப் பெண். யாருக்கு எந்த எண் என்பது உப்புத்தாளுக்கும் தெரியாது.

ஒலியியல்காரர் முடித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். அவருடைய அறை படிக்கட்டுக்குக் கீழே, சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த பொந்து மாதிரி இருக்கும்.

"ஒரு ஆளத் தூக்கணும்," என்றார் எடுத்த எடுப்பில். "மத்தவங்க எல்லாம் தேவல. மரக்கட்டைங்க. உங்களுக்கு மரக்கட்டைதானே வேணும்?"

"நினைச்சேன். மைக்... தலைவரோட ஆளுங்கள்ல ஒருத்தர்தானே? பக்தர்களப் பாத்ததும் உருகியிருப்பாங்க."

"உருகறதா?" ஒலியியல்காரர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. "அதெல்லாம் இல்ல. மூணாம் நம்பர். எதிராளி 'நம்பிக்கை இல்ல'ன்னு சொன்னா இந்த நம்பர் மனுஷக் குரல்ல பேசுது. 'நம்பறேன்'னு சொல்லிட்டா போச்சு. ஒரு சின்ன இடைவெளி விடுது. அப்பறம் ஒரு 'சரி' சொல்லுது பாருங்க, செத்த கரப்பான்பூச்சிய மீசையப் புடிச்சுத் தூக்கி வெளிய போடற மாதிரி. கேளுங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். டயர் கடையில் யாரோ சக்கரத்தைக் கழற்றும் ஓசை பின்னால் கேட்டது. நூல் கோக்கும்போதுகூட அவர் பேரைச் சொல்லித்தான் கோப்பேன் என்றது ஒரு குரல். பிறகு ஒரு இடைவெளி. பிறகு அந்தச் 'சரி'.

குரலைத் தடிப்பாக்கி ஆண்பிள்ளைக் குரல் மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஆனாலும் அந்தச் சொல்லில் இருந்த அருவருப்பு அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு போடுங்க," என்றாள்.

அவர் போட்டார். கிழவர் ஒருவர் தன் பேத்தியின் காய்ச்சல் பிரார்த்தனையால் இறங்கியதைச் சொன்னார். மருந்தும் கொடுத்தோம் என்று அவரே சேர்த்துக்கொண்டார். இடைவெளி. "சரி." இன்னொன்று. "சரி." எதிரே இருந்தவர்களின் பேச்சு அந்தச் சொல்லுக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே போனதை அவளால் கேட்க முடிந்தது. ஆரம்பத்தில் கதை சொன்ன கிழவர் கடைசியில் 'ஆமாம்', 'இல்லை' என்று முடித்துக்கொண்டார். பிறகு எழுந்து பகடை போடப் போயிருப்பார்.

"யாருன்னு தெரியுமா?" என்று ஒலியியல்காரர் கேட்டார்.

"தெரியும். நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருத்தப்படுகிற ஆள் இல்லை அவர். "பரவால்ல," என்றார். "எனக்கும் இதே வியாதிதான். அதான் நான் யாரையும் பேட்டி எடுக்கறதில்ல."

அன்று முழுவதும் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எல்லாம் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தன. ஒரே ஒருவர் கேட்டுச் சொன்னதை எப்படி ஏற்பது? இன்னும் இரண்டு பேரைக் கேட்கச் சொல்லலாமே? குரல் மாறினாலும் பகடையில் மாற்றம் இருக்குமா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாமே? அந்தக் கடைசி வாதம் வந்தபோது அவள் திடுக்கிட்டாள். எண்களைப் பார்த்துவிட்டு யாரைக் கழிப்பது என்று முடிவு செய்வது. இது யாருடைய வேலை என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியில் மைக்கே உட்கார்ந்து யோசித்த மாதிரி இருந்தது.

செய்தி எப்படியோ கசிந்து மைக்கின் காதுக்குப் போயிற்று. அவரே அவளுடைய அறைக்கு வந்தார். அவர் பிறர் அறைக்கு வருவது அபூர்வம். வந்தால் ஏதாவது எடுத்துக்கொண்டுதான் போவார்.

"கேள்விப்பட்டேம்மா. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு," என்றபடி உட்கார்ந்தார். முகத்தில் கஷ்டத்தின் சாயல்கூட இல்லை. "இது வெளிய போனா உனக்குத்தான் அசிங்கம். ஊர்ல இருக்கற எல்லாரையும் கேள்வி கேட்டவ, கடைசில அவளே இப்படின்னு பேசுவாங்க."

"பேசட்டும் சார்."

"அவசரப்படாத. ஒரு யோசனை. நேர்காணல்ல தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லி மொத்த ஆய்வையும் நிறுத்திடலாம். வாரியத்துக்கு நான் எழுதறேன். உனக்கும் தலைகுனிவு இல்ல, எனக்கும் தொந்தரவு இல்ல. அந்தப் பதவி உயர்வு விஷயத்தையும் நான் பாக்கறேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் முட்டாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அப்படியில்லை. சோதனையில் எதுவும் வராது என்று இவருக்கு எங்கேயோ உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. முட்டாளாக இருந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

"மூணாம் நம்பரத் தூக்கறேன் சார். மீதியத் திறக்கறோம். எல்லாரையும் வச்சுக்கிட்டுத் திறக்கறோம்."

"உன் ஊகமும் அதோட போயிடும்மா. பக்தருங்க அதிகமா இருக்கறது உன் நேர்காணல்லதான்."

"போகட்டும்."

"உனக்கு என்னதான் வேணும்?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"நீங்க எழுந்து போனா நான் வேலையப் பாப்பேன்."

கூட்ட அறையில் எல்லோரும் இருக்க, பகடைக் கணக்கைத் திறந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. கடவுளைப் படித்தவர்களின் கோடு ஒன்று, நாற்காலியைப் படித்தவர்களின் கோடு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அடுத்து அவளுடைய ஊகம். பக்தி கூடியவர்கள், குறைந்தவர்கள். அங்கேயும் அப்படித்தான். எல்லோரும் கொஞ்சம் புளுகியிருந்தார்கள், ஏறக்குறைய ஒரே அளவில். மைக்குக்கும் ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை.

மைக்தான் முதலில் எழுந்தார். "நான் எப்பவுமே சொல்லிட்டு வர்றதுதான்," என்று ஆரம்பித்தார். "ஒரு சோதனைய மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது." சொல்லும்போது அவர் முகம் சிவக்கவில்லை, குரல் தடுமாறவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்களையும் அவள் ஒருமுறை சுற்றிப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு, கழித்துப்போட்ட நேர்காணல்களின் பகடைகளை மட்டும் தனியே திறந்து பார்த்தாள். இனி அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். அவளிடம் பேசிவிட்டுப் போன பக்தர்கள் ஆறுக்கு மேல் ஆறாகச் சொல்லித் தள்ளியிருந்தார்கள். அவளிடம் பேசிய நம்பிக்கையற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்த நேர்காணல்கள் கணக்கில் இருந்திருந்தால் அவளுடைய ஊகம் ஜம்மென்று ஜெயித்திருக்கும். அதுவும் ஒரு தலையணை ஆகியிருக்கலாம்.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? தற்செயலாகவும் இருக்கலாம். தன்னை ஒரு பூச்சியாகப் பார்க்கிறவளுக்கு எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அவள் எதையும் அடித்துச் சொல்லவில்லை. இரண்டையும் அப்படியே எழுதினாள்.

அண்ணனுக்கு வேறு யாரோ சொல்வதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று அவன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டையில்லாமல் உட்கார்ந்து கைபேசியில் தன் பிரசங்கத்தைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்தப் பகடை விஷயம் இனிமே பேசாத. அது பொய்."

"எது பொய்?"

"கடவுள நினைச்சா பொய் சொல்ல மாட்டாங்கங்கறது."

அண்ணன் கொஞ்சம்கூட அசரவில்லை. "விஞ்ஞானத்துக்கு இன்னும் அந்த அளவுக்குப் பக்குவம் வரல," என்றான். "அடுத்த வாரம் வேற ஒண்ணு எடுத்துக்கறேன். மூளையப் படம் புடிச்சு என்னமோ காட்டறாங்களாமே?"

"அதுவும் பாதிக்கு மேல அளப்புதான்."

"பாதி போதும் எனக்கு."

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு போர்வையின் மறுமுனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் இழுத்து உதறி மடித்தார்கள்.

"உங்கண்ணனையே உக்கார வச்சுப் பகடை போடச் சொல்லியிருக்கணும்," என்றாள் அண்ணி. "குழந்தைங்களோட விளையாடும்போதே ஆறுன்னு சொல்லிட்டுக் கட்டத்தத் தாண்டறவரு." பிறகு குரலைத் தணித்தாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லையா?"

"என்னிக்கு?"

"நீ கூடத்துக்கு வந்தப்ப. நம்ம தையற்காரம்மா கேட்டுச்சு. 'அந்தப் பொண்ணுக்கு என்னம்மா, வந்ததுலேந்து ஏதோ நாத்தம் அடிக்கற மாதிரியே மூஞ்சிய வச்சிருந்துச்சு, கீழ டயர் வாடை ஒத்துக்கல போல'ன்னு. பாவம், பயந்துபோய் ஜன்னலத் திறந்து விட்டுச்சாமே."

உப்புத்தாளுக்கு நினைவு வந்தது. அந்தப் பெண்மணி பேச்சின் நடுவில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்ததையும், அதனால் தெருச் சத்தம் பதிவில் விழுமே என்று தான் எரிச்சல்பட்டதையும். ஒலியியல்காரரின் கருவிகள் கண்டுபிடித்ததைவிட இது அவளை அதிகம் சுட்டது. தையற்காரி திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். ஜன்னலைத் திறந்துவிட்டவளை என்ன செய்வது?

"ஆமா, வாடை ஒத்துக்கல," என்றாள். சொல்லிவிட்டு, அதுவும் ஒரு ஆறு என்று தோன்ற, "இல்ல அண்ணி. வாடையில்ல. எனக்கு அவங்களப் பாத்தா அப்படித்தான் வருது. எல்லாரையும் பாத்தா வருது," என்றாள்.

"தெரியும்," என்றாள் அண்ணி, அடுத்த போர்வையை எடுத்தபடி. "கல்யாணத்தன்னிக்கே தெரியும்."

கட்டுரை வெளிவந்தது. முறைகள் என்ற பகுதியில், மூன்றாம் எண் நேர்காணலாளர் எடுத்த அனைத்தும் நீக்கப்பட்டன, அவர் இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் என்று அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். சக ஆசிரியர் ஒருவர் அதை எடுத்துவிடலாமே என்றார். அவள் பார்த்த பார்வையில் அவர் பேச்சை மாற்றினார். அந்த வரியைப் பற்றித் துறையில் நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் ஒருவர்கூடத் தம்முடைய நேர்காணலாளர்களின் குரலைக் கேட்டுப் பார்க்கவில்லை. தூரதேசத்து ஆய்வுக்கூடம் ஒன்று மட்டும் கேட்டுப் பார்த்து, தங்களிடமும் ஒரு மூன்றாம் எண் இருப்பதாகவும், அவர் பக்தர்களைக் கண்டால் உருகுகிறவர் என்றும் எழுதியது.

மைக் தோற்கவில்லை. தோற்கிற வகையான மனிதர் இல்லை அவர். வாரியம் ஆய்வுகளின் நம்பகத்தன்மையை மேம்படுத்த ஒரு மையம் தொடங்கியபோது அதற்கு அவரையே இயக்குநராகப் போட்டார்கள். தன் சோதனையையே மறுசோதனைக்கு உட்படுத்தத் துணிந்தவர் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. தலையணையின் புதிய பதிப்பு ஒரு முன்னுரையோடு வந்தது. உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை. தொடக்க விழாவில் பொதுமக்கள் சார்பில் பேசுவதற்கு யாரைப் பிடித்தார்கள் என்றால், அவளுடைய அண்ணனை. இருவரும் மேடையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு நின்றார்கள். நெடுநாள் பிரிந்த உடன்பிறப்புகளைப் போல இருந்தது.

துணை இயக்குநர் பதவியை அவளுக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கேள்விகளைத் திரும்ப எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். எப்போதும், அநேகமாக, சில நேரம் என்று மனிதரை நறுக்கிப் போடாமல், அவர்கள் சொல்வதைச் சொல்கிறபடியே வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வித்தாள். கேட்கிற வேலைக்கு மட்டும் அவள் போவதில்லை. அதற்கு ஒலியியல்காரர் தேர்ந்தெடுத்த மரக்கட்டைகள் இருந்தார்கள். அவர் அவளுக்கும் சில வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 'சரி' என்ற சொல்லை விதவிதமாகச் சொல்ல வைத்தார். கடைசியில், உங்களுக்கு வராது, விட்டுவிடுங்கள் என்றார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

தொடக்க விழா முடிந்த அன்று அண்ணியும் அவளும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்து, பேப்பர் தட்டில் கொடுத்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்கள். மேடையில் இன்னும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லு," என்றாள் அண்ணி. "கடைசில யாருதான் அதிகமாப் பொய் சொல்றாங்க? சாமி இருக்குன்னு சொல்றவங்களா, இல்லைன்னு சொல்றவங்களா?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சம்."

"இதக் கண்டுபுடிக்கவா இத்தன வருஷம்?"

"ஆமா அண்ணி. இதுக்குத்தான்."

அண்ணி சற்று நேரம் மென்றபடி மேடையைப் பார்த்தாள். "என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே," என்றாள்.

"சொல்லியிருப்பீங்க. எத்தன பேரக் கேட்டீங்கன்னு நான் திருப்பிக் கேட்டிருப்பேன்."

"ஒருத்தரத்தான். கட்டிக்கிட்டவர," என்றாள் அண்ணி, தட்டைக் கீழே வைத்துவிட்டு.